காப்புப் பெருக்கியின் வெளியீட்டில் வேண்டாத அலைவு: பிறப்பிடத்தைக் கண்டு நீக்கும் முறை

களக்காட்டு வாழைத் தோட்டங்களிலும் திசையன்விளைப் பக்கத்து முருங்கைத் தோட்டங்களிலும் ஓடும் சூரிய மின் பம்புகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், ராதாபுரம், பணகுடி, காயத்தாறு வட்டாரங்களில் கன்வெர்ட்டருடன் நிற்கும் காற்றாலைகள், ஊர்தோறும் அரிசி ஆலைகளில் மாட்டியிருக்கும் மோட்டார் டிரைவ்கள் ஆகியவற்றுக்குள் ஒரு சிறு சுற்று பொதுவாக உண்டு. பல நூறு வோல்ட் நிற்கும் டிசி பஸ்ஸின் (பெட்டிக்குள் நேர்மின்னோட்டம் ஓடும் முதன்மைத் தடத்தின்) அழுத்தத்தை ஓரிரு வோல்ட்டாகக் குறைத்து, மின்காப்பைத் தாண்டிக் கடத்தி, மறுபக்கத்தில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்குத் தெரிவிப்பது அதன் வேலை. பட்டறைகளில் ஐசோலேட்டட் ஆம்ப்ளிஃபையர் என்று வழங்கும் இந்தக் காப்புப் பெருக்கியின் வெளியீடு, நேர்கோடாக நிற்க வேண்டிய இடத்தில் நடுங்கத் தொடங்கினால், திரையில் வோல்ட் எண் தாவும், பம்பின் வேகம் ஏறி இறங்கும், பஸ்ஸில் அதிக அழுத்தம் ஏதும் இல்லாதபோதே பெட்டி அதிக அழுத்தம் என்று சொல்லி நின்றுவிடும்.

இத்தகைய போர்டு பழுதுக்கு வரும்போது பெருக்கி ஐசியைக் கழற்றி வேறொன்றை வைப்பதே பலரும் செய்யும் முதல் வேலையாக இருக்கிறது. பெரும்பாலும் அதனால் பயன் விளைவதில்லை. பெருக்கி தானாக அலைவது அரிது. வேறெங்கோ பிறந்த அலையை அது உள்ளபடி கடத்திக்கொண்டிருக்கும், அல்லது அதன் சப்ளையும் அதன் பின்னால் நிற்கும் ஆப்-ஆம்ப் என்னும் பொதுவகைப் பெருக்கி ஐசியும் செய்யும் குற்றத்துக்கு அது பழி ஏற்றுக்கொண்டிருக்கும். ஆகவே அலை எந்த இடத்தில் பிறக்கிறது என்பது உறுதியாகும் வரை எந்தப் பாகத்தையும் கழற்றாதிருப்பது நல்லது.

விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சுற்றை வைத்துக்கொள்வோம். பஸ்ஸின் உச்ச அழுத்தம் 1000 வோல்ட். 1 மெகாஓம் மின்தடைகள் 6 தொடராக மேலே நிற்கின்றன. கீழே 12 கிலோஓம். அழுத்தத்தைப் பங்கிட்டுக் குறைக்கும் இந்தப் பகுப்பியின் கீழ் மின்தடையில் 1000 வோல்ட்டுக்குச் சற்றேறக்குறைய 2 வோல்ட் கிடைக்கும். அதை ஏஎம்சி1311 என்னும் காப்புப் பெருக்கி ஐசி வாங்கிக்கொள்கிறது. இந்த ஐசி 0 முதல் 2 வோல்ட் வரை உள்ளீடு ஏற்கும், பெருக்கம் 1, வெளியீடு இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாடாக வரும், அந்த இரு முனைகளும் 1.44 வோல்ட்டை நடுவாகக் கொண்டு ஒன்று ஏறவும் மற்றொன்று இறங்கவும் செய்யும். அதன் பின்னால் ஓர் ஆப்-ஆம்ப் அந்த வேறுபாட்டைக் கிரவுண்டைச் சார்ந்த ஒற்றை அழுத்தமாக மாற்றி, அழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசிக்குக் கொடுக்கிறது. உயர் அழுத்தப் பக்கத்துக்கு 5 வோல்ட் தருவது ஒரு சிறிய காப்பு டிசி-டிசி மாட்யூல். ஏசிபிஎல்-சி87, ஐஎஸ்ஓ124 போன்ற வேறு ஐசிகள் இருந்தாலும் சுற்றின் உறுப்புகள் பெரும்பாலும் இவையே.

அளக்கும் முன்

பஸ் மின்தேக்கிகள் பெட்டியை அணைத்த பிறகும் பல நிமிடங்களுக்கு உயிரைப் பறிக்கும் அழுத்தத்தை வைத்திருக்கும்; மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். சூரிய மின் பெட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மின்வாரியத்தின் லைனைத் துண்டித்தாலும் வெயில் இருக்கும் வரை பலகைகள் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். ஆகையால் டிசி ஐசோலேட்டரைத் திறந்த பிறகே பஸ் வடியும்.

ஆசிலாஸ்கோப் புரோபின் கிரவுண்ட் கிளிப்பை உயர் அழுத்தப் பக்கத்துக் கிரவுண்டில் ஒருபோதும் மாட்டக் கூடாது. அந்தக் கிரவுண்டு பெரும்பாலும் பஸ்ஸின் எதிர்முனை. ஸ்கோப்பின் கிளிப்போ பூமியுடன் இணைந்தது. இரண்டையும் சேர்த்தால் போர்டும் ஸ்கோப்பும் சேர்ந்து போகும். இதற்காக ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டி விடும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோக உடலே பஸ் அழுத்தத்தில் மிதக்கும் என்பதால் அது கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டிய பழக்கம். உயர் பக்கத்தை உயிரோடு பார்க்க வேண்டுமானால் பூமியைச் சாராமல் இரு புள்ளிகளின் வேறுபாட்டை அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும். அது இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை உயர் அழுத்தம் இல்லாமலே செய்யலாம்.

அடுத்தது, பார்க்கும் அலை மெய்தானா என்பது. புரோபின் நுனியையும் அதன் கிளிப்பையும் கட்டுப்பாட்டுப் பக்கத்துக் கிரவுண்டின் ஒரே புள்ளியில் வைத்துப் பாருங்கள். அப்போதும் திரையில் அதே அலை தெரிந்தால் அதைப் பிடிப்பது சுற்று அன்று. நீளமான கிரவுண்ட் வயர் ஒரு வளையமாக நின்று அருகில் மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடும் ஸ்விட்சிங்கின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. புரோபுடன் வரும் குட்டி ஸ்பிரிங்கைக் கிரவுண்டாகப் பயன்படுத்தி, புரோபை 10 மடங்கு (10X) நிலையில் வைத்து அளந்தால் இந்தப் பொய் அலை பெரும்பாலும் மறைந்துவிடும். ஏஎம்சி1311 போன்ற ஐசியில் ஒரு முனையை மட்டும் கிரவுண்டுக்கு எதிராக அளப்பதும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். இரு முனைகளிலும் ஒன்றாக ஏறி இறங்கும் இரைச்சல் வேறுபாட்டில் கழிந்துவிடக் கூடியது. இரண்டு புரோப்களை வைத்து ஸ்கோப்பிலேயே கழித்துப் பாருங்கள்.

அதிர்வெண் சொல்லும் செய்தி

அலை மெய் என்று தெரிந்ததும் செய்ய வேண்டியது அதன் அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்வது. பாதி நோய் இதிலேயே வெளிப்படும்.

50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த் வளையம் அல்லது அருகே ஓடும் ஏசி வயரின் தாக்கம். 100 ஹெர்ட்ஸ் என்றால் அது பெரும்பாலும் அலைவே அன்று: ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டரின் டிசி பஸ்ஸில் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் இயல்பாகவே இருக்கும், பெருக்கி உண்மையைத்தான் சொல்கிறது. மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையரில் இயல்பாக வருவது 300 ஹெர்ட்ஸ். அங்கே 300 மறைந்து 100 தோன்றினால், ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று பொருள். கிராமத்து ஃபீடர்களில் இது அடிக்கடி நடக்கும். பியூஸ் கட்டையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் போர்டைக் கழற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

சில கிலோஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்தால் இன்வெர்ட்டரின் ஸ்விட்சிங். நூறு, சில நூறு கிலோஹெர்ட்ஸ் என்றால் காப்பு டிசி-டிசி மாட்யூலோ ஐசியின் உள்ளே செய்தியைச் சுமந்து ஓடும் கேரியர் அலையோ. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருந்தால் ஆப்-ஆம்ப்பே அலைகிறது என்று ஐயப்படலாம். எதிலும் அடங்காமல், காலையில் ஒரு வேகமும் உச்சி வெயிலில் வேறொரு வேகமுமாக அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருந்தால், இரண்டு அலைகள் மோதிப் பிறந்த வேறுபாட்டு அலை அது; இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பகுதி பகுதியாகத் துண்டித்தல்

கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது அணைக்கட்டிலிருந்து ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டு வருவதைப் போலவே இங்கும் ஒவ்வொரு இணைப்பாகத் துண்டித்துப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றாமல் செய்தால்தான் முடிவு தெளிவாக இருக்கும்.

பெட்டியை அணைத்து, பஸ் வடிந்ததை உறுதிசெய்து, பகுப்பியின் மேல் சங்கிலியை ஐசியின் உள்ளீட்டிலிருந்து பிரித்து, ஐசியின் உள்ளீட்டு முனையையும் அதன் கிரவுண்டையும் மிகக் குட்டையான கம்பியால் இணையுங்கள். பிறகு கட்டுப்பாட்டு சப்ளையை மட்டும் கொடுங்கள். அலை மறைந்துவிட்டால் அது உள்ளீட்டு வழியாக வந்தது. மறையாவிட்டால் அது சப்ளையிலோ வெளியீட்டிலோ பிறக்கிறது. இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் அலை வருகிற போர்டுகளில் இந்தச் சோதனை பாதி விடையையே தரும். ஆனாலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அலை நீடித்தால் காப்பு மாட்யூலின் வெளியீட்டைத் துண்டித்துவிட்டு, 9 வோல்ட் பாட்டரி ஒன்றுடன் 7805 ரெகுலேட்டரை இணைத்து உயர் பக்கத்துக்கு 5 வோல்ட் கொடுங்கள். உயர் அழுத்தம் துண்டித்திருக்கும்போது மட்டுமே இது செய்யத் தக்கது. பாட்டரியில் அலை இல்லை, மாட்யூலில் உண்டு என்றால் குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. இதே நிலையில், உள்ளீட்டில் வைத்த குட்டைக் கம்பியை எடுத்துவிட்டு, அங்கே ஒரு சாதாரண 1.5 வோல்ட் செல்லை இணைத்தால் ஐசியின் நலத்தையும் அறியலாம்: ஒரு முனை சுமார் 2.19 வோல்ட்டிலும் மற்றொன்று சுமார் 0.69 வோல்ட்டிலும் அசையாமல் நிற்க வேண்டும். புதிய செல் 1.6 வோல்ட் வரை காட்டும் என்பதால் செல்லையும் அளந்துகொள்ளுங்கள். இங்கே எண்கள் சரியாக வந்தால் ஐசியைச் சந்தேகிப்பதை அத்துடன் நிறுத்திவிடலாம்.

பாட்டரியிலும் அலை நின்றபாடில்லை என்றால், ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டிலிருந்து ஏடிசிக்கோ வெளிப்பெட்டிக்கோ போகும் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றியதும் அடங்கினால் அது சுமையால் வந்த அலைவு. அதற்கும் அடங்காதபோதுதான் ஆப்-ஆம்ப்பையும் அதைச் சுற்றியுள்ள மின்தேக்கிகளையும் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

காப்பு மாட்யூல்

பழுதுக்கு வரும் மலிவு போர்டுகளில் நான் முதலில் ஐயப்படுவது இதைத்தான். பி0505எஸ் வகையைச் சேர்ந்த 1 வாட் மாட்யூல்கள் ரெகுலேஷன் இல்லாதவை. 200 மில்லியாம்பியர் தரக்கூடியவை. முழுச் சுமையில் குறைந்தது 10 சதவீதமாவது, அதாவது 20 மில்லியாம்பியராவது எடுத்தால்தான் ஒழுங்காக இருப்பவை. ஏஎம்சி1311 உயர் பக்கத்தில் எடுப்பதோ 7 மில்லியாம்பியர் அளவில்தான். சுமை போதாத மாட்யூலின் வெளியீடு 5 வோல்ட்டைத் தாண்டி மேலே மிதக்கும், ஐசியின் 5.5 வோல்ட் எல்லையையும் கடக்கக்கூடும், ரிப்பிளும் (வெளியீட்டில் எஞ்சும் சிறு ஏற்ற இறக்கமும்) ஒழுங்கற்றதாகிவிடும். இதற்கு மருந்து மிக எளிது. மாட்யூலின் வெளியீட்டுக்குக் குறுக்கே 390 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் அது ஏறத்தாழ 13 மில்லியாம்பியர் எடுத்துக்கொள்ளும். ஐசியின் 7 மில்லியாம்பியரும் சேர்ந்து தேவையான 20 வந்துவிடும். அந்த மின்தடையில் எரிவது 65 மில்லிவாட்டுக்கும் குறைவு என்பதால் சாதாரண கால் வாட் மின்தடையே போதும். போர்டில் இடம் இருந்தால் மாட்யூலுக்குப் பின் எல்டிஓ என்னும், உள்ளீட்டு அழுத்தம் சற்றே மிகுந்தாலும் போதுமான ஒரு சிறிய ரெகுலேட்டரை வைத்து, ஐசிக்கு 3.3 வோல்ட் கொடுப்பது இன்னும் நல்லது. ஆனால் உங்கள் கையிலிருக்கும் ஐசி வகை அந்த அழுத்தத்தை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஎம்சி1311பி 3 வோல்ட்டிலேயே ஓடும், பின்னெழுத்து இல்லாத பழைய வகைக்கு 4.5 வோல்ட்டாவது வேண்டும்.

சப்ளைப் பக்கத்தில் இன்னொரு வகைக் கோளாறு அலைவைப் போலவே வேடமிடும். உயர் பக்க சப்ளை குறைந்துபோனால் ஏஎம்சி1311 தன் வெளியீட்டு வேறுபாட்டை எதிர்மறை 2.6 வோல்ட்டுக்குத் தள்ளிவிடும். சப்ளை இல்லை என்று கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கு அறிவிக்கும் ஏற்பாடு அது. மாட்யூல் விட்டு விட்டு இயங்கினால், வெளியீடு சரியான மதிப்புக்கும் எதிர்மறைக்கும் இடையே மாறி மாறித் தாவி ஒரு சதுர அலையாகத் தெரியும். சதுர அலையின் ஒரு விளிம்பு எப்போதும் அந்த 2.6 வோல்ட்டிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் உள்ளீட்டையோ ஆப்-ஆம்ப்பையோ ஆராய வேண்டிய தேவை இல்லை. ஐசியை அணைக்கும் ஷட்டவுன் பின் (ஐசியின் கால்) உயர் பக்கக் கிரவுண்டில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அந்தப் பின் உள்ளேயே மேல்நோக்கி இழுக்கப்பட்டிருக்கிறது. ஈயம் விட்டுப்போனால் ஐசி தானாக அணைந்துகொள்ளும், போர்டு அதிரும்போதெல்லாம் இதே சதுர அலை வரும். காற்றாலைக் கோபுரத்தின் மேலிருந்து வரும் போர்டுகளில் இப்படி விட்டுப்போன ஈயத்தை முதலிலேயே தேட வேண்டும்.

ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் சில மில்லிமீட்டருக்குள் 100 நானோபாரட் செராமிக் மின்தேக்கியும், அதன் அருகே 1 அல்லது 2.2 மைக்ரோபாரட் மின்தேக்கியும் இருக்க வேண்டும். போர்டு வளைந்ததால் விரிசல் விட்ட செராமிக் மின்தேக்கி கண்ணுக்கு முழுதாகவே தெரியும் என்பதால், ஐயம் வந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்துப் பற்றவைத்துப் பார்க்கலாம்.

இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் வரும் கூர்முனைகளுக்குக் காரணம் மாட்யூலின் இரு சுருள்களுக்கும் இடையிலான கொள்ளளவு, அதாவது அவை ஒரு சிறு மின்தேக்கியைப் போல நிற்கும் தன்மை. 20 பிகோபாரட் கொள்ளளவுக்குக் குறுக்கே அழுத்தம் ஒரு மைக்ரோநொடிக்கு 10 கிலோவோல்ட் வேகத்தில் ஏறினால், அந்தக் கணத்தில் 200 மில்லியாம்பியர் காப்பைத் தாண்டிப் பாயும். அந்த மின்னோட்டம் திரும்பிப் போகும் பாதையில் உங்கள் ஆப்-ஆம்ப்பின் கிரவுண்டு இருந்தால் வெளியீட்டில் அது மணி அடித்ததைப் போல அதிர்ந்து அடங்கும். காப்புக் கொள்ளளவு குறைந்த மாட்யூலைத் தேர்வதும், மாட்யூலின் உள்ளீட்டில் இரு வயர்களிலும் ஒன்றாகப் பாயும் இரைச்சலைத் தடுக்கும் காமன்-மோட் சோக் ஒன்றை வைப்பதும், அளவைக் கிரவுண்டையும் சப்ளைக் கிரவுண்டையும் ஒரே புள்ளியில் மட்டும் சேர்ப்பதும் இதற்கான வழிகள்.

பகுப்பியும் உள்ளீட்டு ஃபில்டரும்

மேல் சங்கிலியில் 6 மெகாஓம் நிற்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அரை பிகோபாரட் கொள்ளளவுகூடக் கணக்கில் வரும். அந்த இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 53 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மின்தடைப் பகுப்பியை ஒரு மின்தேக்கிப் பகுப்பியாக மாற்றிவிடும். கீழே 100 பிகோபாரட் மட்டும் இருந்தால் உயர் அதிர்வெண் 200-இல் ஒரு பங்காகக் குறையுமே தவிர, டிசி அழுத்தத்தைப் போல 500-இல் ஒரு பங்காகக் குறையாது. ஸ்விட்சிங் விளிம்புகள் இரண்டரை மடங்கு பெரிதாகத் தோன்றும். கீழ் மின்தடைக்குக் குறுக்கே 1 நானோபாரட் வைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகி, விளிம்புகள் 2000-இல் ஒரு பங்காகிவிடும். அப்போது 12 கிலோஓமும் 1 நானோபாரட்டும் சேர்ந்த ஃபில்டர் 13 கிலோஹெர்ட்ஸில் வெட்டும்.

வேகம் தேவையில்லாத பம்புப் பெட்டிக்கு 10 நானோபாரட் வைத்து 1.3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கலாம். ஆனால் மின்தேக்கியைக் கூட்டிக்கொண்டே போவது எப்போதும் தீர்வாகாது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அளவையை வைத்தே பஸ் அழுத்தத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டு வளையம் ஓடுமானால், ஃபில்டர் தரும் தாமதம் வளையத்தையே அலைய வைக்கும். 1.3 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் 500 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 21 பாகை பின்தங்கும். முன்பே விளிம்பில் நின்ற வளையத்துக்கு அது போதும். அலைவைக் குறைக்க வைத்த மின்தேக்கி அலைவைக் கூட்டினால், வளையத்தைத் திறந்து, அதாவது கட்டுப்பாட்டை நிலையான கட்டளையில் வைத்துப் பாருங்கள். அப்போது அலை நின்றால் திருத்த வேண்டியது கட்டுப்பாட்டு எண்களை, போர்டை அன்று.

இந்தப் பகுதியின் மண்ணும் காற்றும் பகுப்பியைத் தனியாகச் சோதிக்கும். உவரி, கூடங்குளம் கரையோரத்தில் உப்புக் காற்று. தேரிக் காட்டருகே நுண்ணிய செம்மணல். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் நாள் முழுவதும் சாரல். போர்டின் மேல் படியும் உப்பும் ஈரமும் 60 மெகாஓம் கசிவை உண்டாக்கினால், 6 மெகாஓம் சங்கிலி 5.45 மெகாஓமாகத் தோன்றி, அளவை 10 சதவீதம் ஏறிவிடும். அந்தக் கசிவு ஈரம் காய்வதற்கேற்ப மாறிக்கொண்டே இருப்பதால் ஒழுங்கற்ற மெதுவான அலைவாகத் தெரியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துலக்கி, நன்றாக உலர்த்தி, பின்னர் காப்பு வார்னிஷ் பூச வேண்டும். துலக்காமல் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

ஆப்-ஆம்ப்

மெகாஹெர்ட்ஸ் அலைவின் பிறப்பிடம் பெரும்பாலும் இங்கேதான். ஷீல்டு கேபிளின் கொள்ளளவு மீட்டருக்கு 100 பிகோபாரட் அளவில் இருக்கும். 10 மீட்டர் கேபிள் 1000 பிகோபாரட் சுமையாகிறது. பல ஆப்-ஆம்ப்கள் அதைத் தாங்காமல் அலையும். வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பித் தரும் ஃபீட்பேக் எடுக்கும் புள்ளிக்கு வெளியே, வெளியீட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் 47 முதல் 100 ஓம் வரையிலான மின்தடையை வைத்தால் போதும். ஏடிசி ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கும்போதும் உதைக்கும் சிறு மின்னோட்டத்துக்கும் இதே மின்தடை உதவும். ஏடிசி பின்னருகே 1 நானோபாரட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கிடைத்ததை மாற்றி வைத்த போர்டுகளில் ஐசியின் எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும். என்இ5534 வெளியே ஈடுசெய்யும் மின்தேக்கி இல்லாமல் 3 மடங்குக்குக் குறைந்த பெருக்கத்தில் நிலையாக நிற்காது; ஓபி37-க்கு 5 மடங்கு வேண்டும். பெருக்கம் 1 உள்ள இடத்தில் இவற்றை வைத்தால் அலைவு உறுதி. ஃபீட்பேக் மின்தடை 100 கிலோஓம் போலப் பெரிதாக இருந்தால், உள்ளீட்டுப் பின்னில் சேரும் 10 பிகோபாரட் அளவான கொள்ளளவே சில நூறு கிலோஹெர்ட்ஸில் ஒரு தாமதத்தை உண்டாக்கும். ஃபீட்பேக் மின்தடைக்குக் குறுக்கே சில பிகோபாரட் வைப்பது ஒரு வழி. நான்கு மின்தடைகளையும் 10 கிலோஓமுக்கு இறக்குவது இன்னொரு வழி. வேறுபாட்டுப் பெருக்கியில் ஒரு பக்கம் மின்தேக்கி வைத்தால் மறுபக்கமும் அதே மதிப்பை வைக்க வேண்டும். சமநிலை கெட்டால் கழிய வேண்டிய பொது இரைச்சல் கழியாது. எல்எம்358 போன்ற இரட்டை ஐசியில் பயன்படாத பாதியைத் தொங்கவிடாமல், வெளியீட்டை எதிர்மறை உள்ளீட்டில் கட்டி, நேர்மறை உள்ளீட்டை எல்லைக்குள் உள்ள ஓர் அழுத்தத்தில் கட்டிவிடுங்கள்.

பழைய போர்டுகளில் ஹெச்சிஎன்ஆர்201 என்னும் நேரியல் ஆப்டோகப்ளர் இருக்கும். இதில் மட்டும் காப்புச் சுற்றே உண்மையாக அலையக்கூடும். உள்ளீட்டு ஆப்-ஆம்ப் எல்இடியை ஓட்டுகிறது. அதன் ஒளியை முதல் ஃபோட்டோடயோடு பார்த்து அதே ஆப்-ஆம்ப்புக்குத் திருப்பித் தருகிறது. ஒளி வழியாகச் சுற்றிவரும் அந்த வளையத்தில் தாமதம் உண்டு. ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக்கும் எதிர்மறை உள்ளீட்டுக்கும் நடுவில் உள்ள சிறு மின்தேக்கிதான் வளையத்தை அடக்கி வைக்கிறது. அது விட்டுப்போனாலும், எல்எம்358 இருந்த இடத்தில் அதைவிட வேகமான ஐசி ஏறினாலும் வளையம் கூவத் தொடங்கும். மின்தேக்கியை இரட்டிப்பாக்கிப் பார்த்து, அலை அடங்கினால், தேவையான வேகம் மிஞ்சுகிறதா என்று சரிபார்த்து அப்படியே விடலாம்.

மோதிப் பிறக்கும் அலைகள்

ஐஎஸ்ஓ124 உள்ளே 500 கிலோஹெர்ட்ஸில் பண்பேற்றம் செய்கிறது. வெளியீட்டில் 20 மில்லிவோல்ட் அளவுக்கு அதன் ரிப்பிள் இருப்பது இயல்பே. 1.6 கிலோஓமும் 10 நானோபாரட்டும் சேர்ந்த 10 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் அதை ஐம்பதில் ஒரு பங்காக்கிவிடும். தொல்லை எங்கே என்றால், 500-க்கு அருகே உள்ள அதிர்வெண் எதுவும் உள்ளீட்டிலோ சப்ளையிலோ நுழைந்தால், இரண்டின் வேறுபாடு வெளியீட்டில் புதிய அலையாக வரும். மாட்யூல் 101 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் அதன் ஐந்தாம் மடங்கு 505. வெளியீட்டில் 5 கிலோஹெர்ட்ஸ் தோன்றும். வெயில் ஏற மாட்யூலின் வேகம் நகரும். அந்த அலையும் நகரும். வெளியீட்டு ஃபில்டரால் இதை முழுவதும் நீக்க முடியாது, ஏனென்றால் அது பயன்படும் அதிர்வெண்களுக்குள்ளேயே வந்து விழுந்துவிட்டது. உள்ளீட்டிலும் சப்ளையிலும் நுழையும் முன்பே தடுக்க வேண்டும்.

ஸ்கோப்பில் நேர்கோடு, கணினித் திரையில் மட்டும் அலை என்றால் அதே மோதல் மென்பொருளில் நடக்கிறது. ஏடிசி நொடிக்கு 10,000 முறை மாதிரி எடுக்க, இன்வெர்ட்டர் 9,950 ஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்தால், திரையில் 50 ஹெர்ட்ஸ் அலை வரும். பார்ப்பவர் எர்த்தைத் தோண்டத் தொடங்குவார். மாதிரி எடுக்கும் வேகத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள். அலையின் அதிர்வெண்ணும் மாறினால் அது பொய் அலை. மாதிரி எடுக்கும் கணத்தை ஸ்விட்சிங்குடன் ஒத்திசைத்துவிட்டால் நீங்கும்.

சரிசெய்த பிறகு

அலை நின்றது என்று உடனே பெட்டியை மூடிவிட வேண்டாம். உயர் அழுத்தம் இல்லாமல், உள்ளீட்டு மின்தேக்கியை ஒரு முனையில் கழற்றிவிட்டு, 0 முதல் 1 வோல்ட் வரையிலான 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை ஐசியின் உள்ளீட்டில் கொடுத்து, ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டைப் பாருங்கள். விளிம்பில் கால் பங்குக்கு மேல் தாண்டி ஏறி, பலமுறை அதிர்ந்து அடங்கினால் சுற்று இன்னும் அலைவின் விளிம்பில்தான் நிற்கிறது. ஹாட் ஏர் கருவியைத் தொலைவில் பிடித்து, சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டின் அளவுக்கு, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வரை போர்டைச் சூடாக்கி மீண்டும் பாருங்கள். தோட்டத்தில் ஓட வேண்டிய கேபிளையே, அதே நீளத்தில் மாட்டி இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பட்டறை மேசையில் அரை மீட்டர் வயரில் அமைதியாக இருந்த ஆப்-ஆம்ப் கிணற்றடியில் அலைவதற்கு அந்த நீளமே காரணமாக இருக்கும். இதிலும் நேர்கோடு நின்றால், கழற்றிய மின்தேக்கியைத் திரும்ப ஒட்டி, வார்னிஷ் பூசிப் பெட்டியை மூடலாம்.